ஒன்பதாவது ரூம்

கம்ப்யூட்டர் திறந்து முடிப்பதற்குள் வளர்மதி இரண்டு கட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்திருந்தாள்.

"பாய், நாளையில இருந்து சின்ன வெங்காயமும் எடுத்தாந்துடறேன். இது தொறக்கறதுக்குள்ள சாம்பாருக்கே உரிச்சுடலாம்."

ஜகபர் அலி ஜெராக்ஸ் மிஷினின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தார். அந்த நிலையில் ஒரு மனிதன் கௌரவமாகப் பதில் சொல்ல முடியாது.

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் சாலையில், ராஜகிரி மலை முழுதாகத் தெரிகிற இடத்தில் 'ஜகபர் சிஸ்டம்ஸ்' என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன், பத்திரிகை, மனு என்று போட்டிருப்பது உண்மை. மேலே இருக்கிற 'சிஸ்டம்ஸ்' ஜகபர் அலியின் ஆசை. கடையில் இருந்த சிஸ்டம் ஒன்றே ஒன்று. அதற்கு வயது பதினொன்று. காலையில் பட்டனை அமுக்கினால், எழுந்திருக்க மனமில்லாத மாப்பிள்ளை மாதிரி முனகும்.

"பாய், ஒண்ணு சொல்லணும்," என்றாள் வளர்மதி, கீரைத் தண்டுகளைத் தாளில் மடித்தபடி. "விழுப்புரத்துல ஒரு பிரஸ்ல கூப்புடறாங்க. எல்லாம் புது கம்ப்யூட்டராம். அமுக்கினா உடனே தொறக்குதாம்."

"உடனேன்னா?"

"கீரக் கட்டை அவுக்கறதுக்குக் கூட நேரம் இருக்காதாம்."

ஜகபர் அலியின் கை மிஷினுக்குள்ளேயே நின்றது.

"நீ இன்னா சொன்ன?"

"இந்த மாசம் போகட்டும், யோசிச்சு சொல்றேன்னேன்."

பன்னிரண்டு வருடங்களாக வளர்மதி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர். அவள் அடித்த மனுவில் ஒற்றுப்பிழை இருந்ததாக எந்த அலுவலகமும் சொன்னதில்லை. மனுவைத் திருப்பி அனுப்ப அவர்கள் வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. தொண்டூரிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் "பாய் இருக்காரா" என்று கேட்பதில்லை, "அந்தப் பொண்ணு இருக்குதா" என்றுதான் கேட்பார்கள். ஜகபர் அலிக்கு இது தெரியும். தெரிந்தும் வருத்தப்படாமல் நன்றியோடு இருந்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. அந்த நன்றியை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அவருடைய சாமர்த்தியம்.

புது கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. வழியில்லாதவர்கள் எல்லோரும் போகிற இடத்துக்கு அவரும் போனார்: யூட்யூபுக்கு.

அங்கே தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், ஜகபர் அலியின் கம்ப்யூட்டருக்கு அண்ணன் வயதுள்ள ஒன்றைப் பட்டனைத் தொட்டதும் திறந்து காட்டினான். கம்ப்யூட்டரில் பழுதில்லையாம். அதன் மேல் ஏற்றியிருக்கிற அலங்காரம்தான் பாரமாம். அந்த அலங்காரத்தையெல்லாம் இறக்கிவிட்டு 'விண்டோ மேனேஜர்' என்று ஒன்றை மட்டும் போட வேண்டும். திரையில் எந்த ஜன்னல் எங்கே நிற்பது, எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்வது என்று சொல்கிற சின்னப் புரோகிராம், அவ்வளவுதான். அதையும் கடையில் வாங்கக் கூடாது. வரி வரியாக நாமே திருத்தி, நாமே கம்பைல் பண்ணி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவில் கட்ட வேண்டும்.

'நாமே' என்ற சொல் ஜகபர் அலியைப் பிடித்துக்கொண்டது. 'சிஸ்டம்ஸ்' என்ற பலகைக்குக் கடைசியில் ஒரு நியாயம் கிடைக்கப்போகிறது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின. ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, எல்லோரும் தூங்குகிற மதியத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பாரம் என்று தோன்றியதையெல்லாம் கழற்றினார். படங்கள் போயின. ஐகான்கள் போயின. கடிகாரம் போயிற்று, கையில்தான் வாட்ச் இருக்கிறதே. நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே சேவ் செய்கிற வசதியையும், சும்மா சும்மா எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறது என்று நிறுத்தினார். மூன்றாம் வெள்ளி சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது நடையே மாறியிருந்தது.

"ஷரீஃபா, கட்டி முடிச்சுட்டேன்."

மனைவி ஷரீஃபுன்னிசா அடுப்பிலிருந்து திரும்பினாள். "இன்னாத்த?"

"ஒன்பது ரூம். ஒவ்வொண்ணுக்கும் தனி வழி. என் கையாலயே."

ஷரீஃபுன்னிசா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாத்ரூம் கதவுக்கு ஒரு தாப்பா வாங்கியாந்து போடறதுக்கு ஆறு மாசமா நேரமில்ல உங்களுக்கு. ஒன்பது ரூம் எங்க கட்டினீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

அவள் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அதான பாத்தேன்."

சனிக்கிழமை காலை வளர்மதி பட்டனை அமுக்கிவிட்டுக் கீரைக் கட்டை எடுத்தாள். நாரை அவிழ்ப்பதற்குள் கம்ப்யூட்டர் திறந்துவிட்டது. ஆனால் திறந்ததா என்பதில் அவளுக்குச் சந்தேகம்.

"இன்னா பாய், ஒரே கருப்பா இருக்குது. கரண்ட் போயிடுச்சா?"

"தொறந்துடுச்சும்மா. பத்தே செகண்டு."

"எங்க தொறந்திருக்குது? ஒண்ணையும் காணோமே."

"ஒண்ணும் இல்லாததுதான் அதோட அழகு. புது மேனேஜர் போட்டிருக்கேன்."

"கடையில இருக்கறதே நம்ம ரெண்டு பேரு. இதுக்கு ஒரு மேனேஜரா?"

ஜகபர் அலி பொறுமையாக விளக்கினார். மவுஸ் இனி தேவையில்லை, எல்லாம் கீபோர்டிலேயே. ஒரு வேலையைத் திறந்தால் முழுத் திரையும் அதற்கு. இன்னொன்றைத் திறந்தால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி: மூத்தவனுக்கு இடது பாதி, பின்னால் வருகிறவர்களெல்லாம் வலது பாதியைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியது. இடம் போதவில்லையா, ஒன்பது தனித்தனித் திரைகள், அதாவது ஒன்பது ரூம்கள், இருக்கின்றன. ஆல்ட்டோடு ஒன்றை அமுக்கினால் முதல் ரூம், இரண்டை அமுக்கினால் இரண்டாவது ரூம். ஆல்ட்டோடு பூஜ்யம் அமுக்கினால் எல்லா ரூம்களில் இருப்பதும் ஒன்றாக வந்து நிற்கும். இதையெல்லாம் இரண்டு தாளில் அடித்து, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார்.

"சரி, கதிரேசன் வூட்டு காதணி விழா பத்திரிகய எடுக்கறேன்," என்றாள் வளர்மதி. ஃபைலைத் திறந்தாள். தமிழில் அடிக்க ஆயத்தமாக, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், விரல்கள் தாமாகவே ஆல்ட்டையும் இரண்டையும் தட்டின.

பத்திரிகை மறைந்தது. திரை கருப்பானது.

"பாய், காதணி விழா போயிடுச்சு."

ஜகபர் அலி குனிந்து பார்த்தார். தமிழ்நாட்டில் தமிழ் அடிக்கிற பாதிப் பேர் தமிழுக்கு மாற ஆல்ட்-இரண்டைத் தட்டுகிறார்கள், இங்கிலீஷுக்குத் திரும்ப ஆல்ட்-பூஜ்யத்தைத் தட்டுகிறார்கள். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆல்ட்-இரண்டு என்றால் அதற்கு இரண்டாவது ரூம்.

"எங்கயும் போகல. மொத ரூம்லதான் இருக்குது. நீ ரெண்டாவது ரூமுக்கு வந்துட்ட."

"நான் எங்கயும் வரல பாய், இங்கயேதான் உக்காந்துனு இருக்கேன்."

பத்திரிகை என்றால் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். தேதிக்கு ஒருமுறை, செல் நம்பருக்கு ஒருமுறை, மாப்பிள்ளையின் பட்டத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். மதியத்துக்குள் வளர்மதி அந்த ஒன்பது ரூம்களில் வீடு பார்க்க வந்தவள் மாதிரி அலைந்துவிட்டாள்.

ஜகபர் அலி சரிசெய்ய உட்கார்ந்தார். ரூம் மாற்றும் வேலையை ஆல்ட்டிலிருந்து எடுத்து, ஜன்னல் படம் போட்ட பட்டனுக்குக் கொடுத்தார். மறுபடி கம்பைல். அதன்பிறகுதான் கீபோர்டைப் பார்த்தார். அந்தப் பட்டன் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. ஆதார் திருத்த வந்த ஒரு அம்மாவின் இடுப்புக் குழந்தை அதை நான்கு வருடங்களுக்கு முன்பே பிடுங்கி எடுத்துப் போயிருந்தது.

சரி என்று கன்ட்ரோலுக்குக் கொடுத்தார். மறுபடி கம்பைல். இப்போது ஆல்ட்-இரண்டு தமிழைத் தந்தது. ஆனால் பிரின்ட் எடுக்க கன்ட்ரோல்-பி அமுக்கினால், மேனேஜர் அந்தக் கட்டளையைப் பிடுங்கிக்கொண்டு, திரையின் உச்சியில் ஒரு பட்டையைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்பது போல நின்றது.

"பாய், பிரின்ட் வரல."

"வேற வழியா எடு."

"வேற வழி மெனுவுல இருந்துச்சு. மெனு பாரம்னு நீங்கதான் எடுத்துட்டீங்க."

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் வராத முதல் சாயங்காலம் அது. ஜகபர் அலி மேனேஜரை ஆல்ட்டுக்கே திருப்பினார். தமிழுக்கு எஃப்-12 என்று தனிப் பட்டன் வைத்தார். வளர்மதியின் மூளை அதை ஒப்புக்கொண்டது, விரல் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் விழுப்புரத்தைப் பற்றி அந்த வாரம் பேசவில்லை. ஜகபர் அலி இதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

அந்த வாரம் கழிந்து திங்கட்கிழமை நெடுமாறன் வந்தார்.

அவர் வருகிறார் என்றால் நாற்காலியைத் துடைக்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். செஞ்சி வட்டார நல்லோர் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர். பேரவையில் மீதமுள்ள நான்கு பேருக்கும் பதவி இல்லாததால் அவர்கள் உறுப்பினர்கள். வருகிற ஞாயிறு அவருக்குப் பவளவிழா. பேரவை அவருக்குச் 'செஞ்சிச் செம்மல்' என்று பட்டம் தருகிறது. யாருக்குத் தருவது என்று தேர்ந்தெடுத்த குழுவிலும் அவரே இருந்தார் என்றாலும், ஓட்டெடுப்பு ரகசியமாகத்தான் நடந்தது.

"பாய், முப்பத்தெட்டு பக்கம்," என்று நீலமசியில் எழுதிய முழுநீளத் தாள்களை மேசையில் வைத்தார். "வரவேற்புரை, அறிமுகவுரை, பாராட்டுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. மத்தவங்க பேசவேண்டியதையும் நானே எழுதிட்டேன். அவங்களுக்கு என்னப் பத்தி முழுசா தெரியாது."

ஜகபர் அலி புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நெடுமாறன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்.

"ஒரு எழுத்து மாறக்கூடாது. மேடையில ராஜாராம் வாத்தியார் அப்படியே படிப்பாரு. சனிக்கெழம நாலு மணிக்கு வரேன்."

"குடுத்துடலாம் சார்," என்றாள் வளர்மதி.

"இது மட்டும் தவறிச்சுன்னா பாய்," என்று நெடுமாறன் சுட்டுவிரலை உயர்த்தினார், "வட்டாரத்துல ஒரு மனு, ஒரு பத்திரிகை உங்க கடைக்கு வராது. எனக்கு அந்தச் செல்வாக்கு இருக்குது."

அந்தச் செல்வாக்கு அவருக்கு இல்லை. ஆனால் இருக்கிறது என்று நிரூபிக்கும்வரை கடையில் உட்கார்ந்து பேசுகிற நேரம் அவருக்கு இருந்தது. அது அதைவிட மோசம். மனுக்காரர்கள் போனால் வளர்மதிக்கு வேலையில்லை, வேலையில்லாவிட்டால் விழுப்புரம்.

செவ்வாய்க்கிழமை அவர் மேற்பார்வைக்கு வந்து, வளர்மதியின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு வரி அடித்தாள். அவருடைய செல் நம்பரைப் போட இங்கிலீஷ் வேண்டும். விரல் பழைய நினைப்பில் ஆல்ட்டையும் பூஜ்யத்தையும் தட்டியது.

ஒன்பது ரூம்களிலும் இருந்த எல்லாம் ஒரே திரைக்கு வந்தன. மூத்தவருக்கு இடது பாதி: 'செஞ்சிச் செம்மல் திரு. நெடுமாறன் அவர்கள்.' அதே வரியில் வலது பாதியில்: 'கண்ணீர் அஞ்சலி.' அதற்குக் கீழே ஒரு துண்டில்: 'காணவில்லை. கருப்பு நிறம். இடது காதில் வெட்டு இருக்கும். கண்டவர்கள் தெரிவிக்கவும்.'

நெடுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பிறகு, தன்னையறியாமல், இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"அது ஆடு சார்," என்றாள் வளர்மதி. "அந்த கண்ணீர் அஞ்சலி அவலூர்பேட்ட பெரியவருக்கு. எல்லாம் வேற வேற ரூமு."

"நான் வூட்டுலயே இருக்கேன்," என்றார் நெடுமாறன் எழுந்துகொண்டே. "முடிச்சுட்டு சொல்லுங்க."

அன்றே ஜகபர் அலி எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுகிற அந்தக் கட்டளையை மேனேஜரிலிருந்து பிடுங்கி எறிந்தார். "இனிமே முக்கியமானத ஒன்பதாவது ரூம்ல வை," என்றார் வளர்மதியிடம். "அங்க யாரும் தெரியாம போயி வுழ மாட்டாங்க."

"சரி பாய், சாரோடத ஒன்பதுல வச்சுடறேன். ராத்திரியில கம்ப்யூட்டர அணைக்காம வுட்டுடலாம்."

புதன்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது, கடையில் நெடுமாறனின் மனைவி கமலாம்பாள் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, மெல்லிய குரல். அவரும் வளர்மதியும் தலையோடு தலை சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜகபர் அலியைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இன்னாம்மா, சாருக்கு ஏதாவது திருத்தமா?"

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா எட்டிப் பாத்தேன். வளர்மதி ரூமெல்லாம் சுத்திக் காட்டிச்சு. நல்லா கட்டியிருக்கீங்க."

ஒன்பது ரூம்களைக் கட்டியதற்கு அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ஜகபர் அலி தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். கமலாம்பாள் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கூடையின் மேலே வளர்மதியின் முருங்கைக்கீரைக் கட்டு இருந்தது. கீரைக்கு இந்தக் கனமா என்று நினைக்கும்படி அந்த அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பாவம், வயசு, என்று நினைத்துக்கொண்டார் ஜகபர் அலி.

தினமும் நெடுமாறன் போன் செய்தார்.

"எத்தனை பக்கம் ஆச்சும்மா?"

"ஒன்பதாவது ரூம்ல பத்திரமா இருக்குது சார்."

வெள்ளிக்கிழமை காலை வளர்மதி கைப்பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "பாய், நாளைக்கு லீவு. பனமலையில அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. சார் வேல ரெடி. பிரின்ட் மட்டும் போட்டு குடுத்துடுங்க." வாசல் வரை போய்த் திரும்பினாள். "திங்கக்கெழம விழுப்புரத்துக்கு பதில் சொல்லணும்."

ஜகபர் அலிக்கு அன்று பிரியாணி இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை கடையில் தனியாக இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. அவள் திங்கட்கிழமை வந்து உட்காரும்போது, அவளுடைய விரல் பன்னிரண்டு வருடமாகத் தட்டுகிற அதே ஆல்ட்-இரண்டு தமிழைக் கொடுக்க வேண்டும். அதுதான் அவர் வாயால் சொல்லத் தெரியாத நன்றி. கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ரூம்களையெல்லாம் மேல்வரிசையில் சும்மா இருக்கிற எஃப் பட்டன்களுக்கு மாற்றினார். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டார். கம்பைல் செய்தார். புது மேனேஜர் வேலைக்கு வர வேண்டுமானால் பழைய மேனேஜர் போக வேண்டும். போகச் சொன்னார்.

பழைய மேனேஜர் போனது. போகும்போது ஒன்பது ரூம்களில் இருந்தவற்றையும் கூடவே அழைத்துக்கொண்டு போனது. முன்பெல்லாம் மேனேஜரை மாற்றும்போது வளர்மதி எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவைத்திருப்பாள்.

பத்து செகண்டில் சுத்தமான கருப்புத் திரை வந்தது. ஆல்ட்-இரண்டைத் தட்டினார். தமிழ் வந்தது. சிரித்தார். பிறகு ஒன்பதாவது ரூமுக்குப் போனார்.

சிரிப்பு நின்றது.

தானாக சேவ் செய்வதை நிறுத்தியது யார் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஃபைல்கள் இருக்கிற இடத்தைத் தேடினார். காதணி விழா இருந்தது. ஆடு இருந்தது. நெடுமாறன் என்ற பெயரில் எதுவும் இல்லை. 'நன்றி' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தார். இரண்டு பக்கம். நன்றியுரை.

முப்பத்தாறு பக்கங்களை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தார் ஜகபர் அலி.

கையெழுத்துத் தாள்களையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். தாள்கள் இல்லை. பீரோவில் இல்லை. வளர்மதிக்குப் போன் அடித்தார். பனமலை ஏரிக்கரைக்குப் போன போன்கள் எல்லாம் செய்வது போல, அதுவும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

மணி மூன்றரை.

மனிதன் நெருக்கடியில்தான் தன் உண்மையான தொழிலைக் கண்டுபிடிக்கிறான். சிஸ்டம்ஸை மறந்துவிட்டு, ஜகபர் அலி லேமினேஷன்காரராக மாறினார். இரண்டு பக்கங்களையும் நல்ல தாளில் எடுத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த தங்க நிற அட்டைக்குள் வைத்தார். முப்பத்தெட்டு பக்கத்தின் கனம் வருவதற்காக உள்ளே எட்டு வெற்று அட்டைகளைச் செருகினார். சிவப்பு ரிப்பனால் மூன்று சுற்றுச் சுற்றி, மெழுகு வைத்து முத்திரை குத்தினார்.

நான்கு மணிக்கு நெடுமாறன் வந்தார். "ஒரு தடவ பாத்துடறேன்."

"சார், இத மேடையிலதான் பிரிக்கணும். சீல் வச்சிருக்குது பாருங்க. பெரிய பட்டமெல்லாம் அப்படித்தான் குடுக்கறது."

நெடுமாறன் முத்திரையைத் தடவினார். அவருடைய வாழ்நாளில் அவருக்கு யாரும் எதையும் சீல் வைத்துக் கொடுத்ததில்லை. தங்க அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஜகபர் அலி கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. நெடுமாறன் பேச்சு அவ்வளவு பிரபலமா என்றால், பின்கட்டில் சமையல் அவ்வளவு பிரபலம். நெய் மணம் பதினொரு மணிக்கே சபைக்குள் வந்துவிட்டது. கூட்டம் நெடுமாறனை அறிந்த கூட்டம்; மூன்று மணிக்குத்தான் இலை போடுவார்கள் என்று வீட்டிலேயே இட்லி சாப்பிட்டு வந்திருந்தது. மேடையில் நாயகருக்குப் பக்கத்தில் கமலாம்பாள், பட்டுப்புடவையில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ராஜாராம் வாத்தியார் மைக் முன் வந்து முத்திரையை உடைத்தார். தொண்டைக்கு மிளகும் தண்ணீரும் தயாராக வைத்திருந்தார். அட்டையைத் திறந்தார். முதல் தாளைப் பார்த்தார். அட்டைகளைத் தள்ளிப் பார்த்தார். ஒரு எழுத்து மாறக்கூடாது என்பது அவருக்கும் கட்டளை. படித்தார்.

"இறுதியாக."

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இறுதியாக, என் நன்றிக்குரியவர்களை நினைக்கிறேன். பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. ஒலிபெருக்கி வைத்தவர்களுக்கு நன்றி. வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நன்றி. ஐம்பது ஆண்டுகளாக என் வீட்டில் எனக்கு முன்பே எழுந்து, எனக்குப் பின்பே படுத்த என் துணைவியார் கமலாம்பாளுக்கு நன்றி."

முப்பத்தாறு பக்கத்துக்குப் பிறகு வந்திருந்தால் அந்த வரி குறட்டையில் கரைந்திருக்கும். முதல் நிமிஷத்திலேயே வந்ததால் சபைக்குக் காது கேட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபம் முழுதும். கமலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. மணி பதினொன்றேகால்.

ஜகபர் அலி வாசலை நோக்கி ஒரு காலை வைத்தார்.

நெடுமாறன் எழுந்து மைக்கைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் "இந்த காலத்துல இப்படி ஒரு எளிமையா" என்று சத்தமாகவே சொன்னார். நெடுமாறன் அதைக் கேட்டார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"தற்புகழ்ச்சி எனக்கு ஆகாது," என்றார். "முப்பத்தெட்டு பக்கம் எழுதியிருந்தேன். நேத்துதான் நானே எடுத்துட்டேன். நன்றிய மட்டும் வச்சா போதும்னு தோணிச்சு."

மண்டபம் அதிர்ந்தது. பதினொன்றரைக்கு இலை போட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் நெடுமாறனின் கையைப் பிடித்து மனசார நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஜகபர் அலியும் பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

திங்கட்கிழமை வளர்மதி வந்ததும் முழுவதையும் ஒப்புக்கொண்டார்.

"ஒன்பதாவது ரூம்ல இருந்தத பூரா நான்தாம்மா அழிச்சுட்டேன். நீ ஒரு வாரம் உக்காந்து அடிச்சது. இன்னா சொல்றதுன்னே தெரியல."

வளர்மதி கைப்பையைக் கழற்றி வைத்தாள். "பரவால்ல பாய். போனா போவுது."

"கோவம் இல்லியா?"

"இல்ல."

"அப்ப விழுப்புரம்?"

"வரலன்னு காலையிலயே சொல்லிட்டேன். இந்த மேனேஜர வுட்டுட்டு எங்க போறது? அங்கெல்லாம் இன்னா அடிக்கிறோம், எவ்ளோ அடிச்சோம்னு எல்லாம் ஸ்க்ரீன்லயே தெரியுமாம். நமக்கு அது ஒத்து வராது." கொஞ்சம் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "மூணு வெள்ளிக்கெழம எனக்காக உக்காந்தீங்கன்னு ஷரீஃபாக்கா சொன்னாங்க. அதுவும்தான்."

ஜகபர் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆல்ட்-ரெண்ட தமிழுக்கே குடுத்துட்டேன். ரூமுக்கெல்லாம் எஃப் பட்டன்," என்றார்.

"ரூம எடுத்துடலியே?" என்றாள் வளர்மதி பதற்றமாக.

"இல்ல, ஒன்பதும் இருக்குது."

"ஒன்பது இருந்தா போதும்."

தன் கட்டுமானத்தின் மேல் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பற்றா என்று நெகிழ்ந்துபோய், ஜகபர் அலி மேசைக்கடியில் புகுந்தார். கீபோர்டு வயரை இழுத்துச் சரியாகச் செருகுவதற்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு அது வசதியாகவும் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மேசைக்கடியிலிருந்து பார்த்தால் ஒரு ஒயர் கூடையின் அடிப்பாகமும், பக்கத்தில் கமலாம்பாளின் பாதங்களும் தெரிந்தன. மேசைமேல் ஒரு தூக்குவாளி வைக்கும் சத்தம்.

"அதிரசம் கொண்டாந்தேன்மா. பாய் இல்லியா? அவருக்கும் குடு." குரல் தாழ்ந்தது. "நேத்து சாயங்காலமே எங்க வூட்டுக்காரரு எழுத உக்காந்துட்டாரு. சுயசரிதையாம், நானூறு பக்கம் வருமாம். இதுலயும் என் பேரு கடைசி ரெண்டு பக்கத்துலதான் வரப்போவுது. தாளெல்லாம் மறுபடி கீரைக்கு அடியில வச்சு நானே எடுத்துனு போயிடறேன். போன தடவ மாதிரியே நீ அந்த ரெண்டு பக்கத்த மட்டும் அடிச்சுட்டு, மீதியெல்லாம் ஒன்பதாவது ரூம்ல பத்திரமா இருக்குதுன்னு சொல்லிடு."